நூற்று இருபதுக்கு எண்பது

பெரியாஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் சாவு நின்றுபோனது ஒரு புதன்கிழமை காலையில். நின்றது அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை. தூறல் நின்று வெகுநேரம் கழித்துத்தானே ஒருவர் கையை வெளியே நீட்டிப் பார்த்து, அட, விட்டுருச்சே என்பார், அந்த மாதிரிதான் அதுவும் நடந்தது.

அதற்குக் காரணம் காளீஸ்வரி என்று ஊர் சொன்னது. காரணம் என்பது பெரிய சொல். அவள் செய்ததெல்லாம், அந்த ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் படித்துவிட்டுக் கடைசி வருஷம் பயிற்சியில் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் வழிவழியாகச் செய்துவருகிற ஒரு சின்னத் திருட்டுத்தனம். காலையில் பெரிய டாக்டர் சுற்றிவருவதற்குள் வார்டில் உள்ள அத்தனை பேருக்கும் நாடி பிடித்து, பிரஷர் பார்த்து, கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் சார்ட்டில் எழுதிவிட வேண்டும். கட்டிலில் ஒருவர், கட்டிலுக்கடியில் ஒருவர், வராந்தாவில் பாய் விரித்து வரிசையாக இன்னும் பலர் என்று கிடக்கிற இடத்தில் ஒழுங்காகப் பார்த்தால் உச்சிப்பொழுது ஆகிவிடும். ஆகவே பயிற்சிப் பிள்ளைகள் மோசமாகத் தெரிகிற நாலு பேரைத் தொட்டுப் பார்ப்பார்கள், மற்றவர்களுக்கு இருந்த இடத்திலிருந்தே குத்துமதிப்பாக எழுதிவிடுவார்கள். நாடி எண்பது, பிரஷர் நூற்று இருபதுக்கு எண்பது. இதற்கு அவர்களுக்குள் 'நாற்காலி பிபி' என்று பெயர். கல்யாணப் பத்திரிகையில் 'பெரியோர்கள் நிச்சயித்தபடி' என்று விழுகிறதே, அதுபோல அதுபாட்டுக்கு விழும். யாரும் யாரையும் கேட்டதில்லை.

காளீஸ்வரிக்கு அந்த வருஷம் மூச்சுவிட நேரமில்லை. ரத்தம் எடுக்க ஓட வேண்டும், எடுத்த ரத்தத்தை லேபுக்குக் கொண்டு ஓட வேண்டும், ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் இல்லையென்றால் அதையும் தள்ள வேண்டும், இதற்கு நடுவே மேற்படிப்புக்கான பி.ஜி. நுழைவுத் தேர்வுக்கும் படிக்க வேண்டும். ஒரு காதில் எப்போதும் வீடியோ பாடம் இரண்டு மடங்கு வேகத்தில் கீச்சுக்குரலில் ஓடிக்கொண்டிருக்கும். சட்டைப்பையில் இருக்கும் போனில் ஆயிரக்கணக்கில் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, அதில் மூன்று பொய். குழந்தைகள் மருத்துவம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவள் ஆசை என்பதைவிட, மினி பஸ் ஓட்டுகிற அவள் அப்பா சாத்தையா, வண்டியில் ஏறி இறங்குகிற சனத்திடமெல்லாம் சொல்லிவைத்துவிட்ட ஆசை என்பதுதான் சரி. அந்த ரூட்டில் முருங்கைக்காய் விற்கப்போகிற கிழவிக்குக்கூட பி.ஜி. என்றால் என்ன, எத்தனை லட்சம் பேர் எழுதுகிறார்கள் என்பதெல்லாம் தெரியும்.

அந்தப் புதன்கிழமை அவள் நாலு பேரைக்கூடத் தொடவில்லை. சிஸ்டர் மேசையில் உட்கார்ந்து, ஒரு கண் போனிலும் ஒரு கண் சார்ட்டிலுமாக, எல்லாச் சார்ட்டிலும் ஒரே எண்ணை எழுதித் தள்ளிவிட்டாள். எழுதியவற்றில் ஒன்று கூரிச்சாத்தானுடையது. பனையேறிப் பிழைத்த மனுஷன். ஈரல் கெட்டு, முதல்நாளிலிருந்து நாடி இறங்கிக்கொண்டே வந்து, சொல்லவேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லிவிடச் சொல்லிப் பெரிய டாக்டரே கைவிரித்துவிட்டார். திருப்பூரிலிருந்து மகன்கள் வந்துவிட்டார்கள். பாடைக்கு மூங்கில்கூட வெட்டியாகிவிட்டது.

சுற்றிவந்த பெரிய டாக்டர் அந்தச் சார்ட்டைப் பார்த்ததும் சீறினார். "செத்துக்கிட்டிருக்கிற ஆளுக்கு நூத்தி இருபதுக்கு எண்பதா? கண்ணை எங்கம்மா வச்சிருக்க?"

காளீஸ்வரி போனைச் சட்டைப்பைக்குள் திணித்தாள். அவர் தாமே பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். நூற்று இருபதுக்கு எண்பது. வேறு கருவி கொண்டுவரச் சொன்னார். அதிலும் அதே. நாடியைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல எண்பது முறை அடித்தது. பெரிய டாக்டர் ஆச்சரியப்படவில்லை. எத்தனையோ பேரைப் பிழைக்க மாட்டார் என்று சொல்லி அவர்கள் நடந்துபோனதையும், நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லி அவர்கள் போகாமல் போனதையும் பார்த்தவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அதே மருந்தைக் குடுங்க" என்று அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். வெட்டிய மூங்கில் வீணாகப் போகவேண்டாமென்று கூரிச்சாத்தானின் மகன்கள் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடைக்குப் பந்தல் போட்டுக்கொடுத்துவிட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள்.

மறுநாளும் அவள் நாற்காலியில் இருந்தபடியே எழுதினாள், மறுநாளும் எழுதியபடியே இருந்தது. ஒருநாள் எழுத்து மறுநாள் காலைவரை தாங்கியது. வாரம் ஓடியது, மாதம் ஓடியது, வார்டிலிருந்து ஒரு பிணம் இறங்கவில்லை. அவளோடு படித்த ரியாஸ் பெண்கள் வார்டில் இதையே செய்துபார்த்தான். அவன் எண்ணை எந்த உடம்பும் மதிக்கவில்லை, நூற்று இருபதுக்கு எண்பது என்று அவன் எழுதிவைத்த அம்மாள் அரைமணியில் போய்ச்சேர, அவனுக்கு மெமோ வந்ததுதான் மிச்சம். அவளுடைய பேனாவையே கேட்டு வாங்கி எழுதிப்பார்த்தான். பேனாவை இரவல் வாங்கலாம், கையை வாங்க முடியுமா?

ஊர் இதை வாங்கிக்கொண்ட விதம்தான் அழகு. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஆனால் இந்த விஷயத்தில் யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. சாகாத வார்டு என்று ஒன்று இருக்கிறது, ஆம்பளையாளுக்கு மட்டும்தான், காலையில் எட்டு மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று, ரேஷனில் பாமாயில் வந்திருக்கிற செய்தியைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டார்கள். அமரர் ஊர்தி ஓட்டுகிற சேவியர் பிழைப்பு குறைந்துபோய், அந்த வண்டியிலேயே வாழைத்தார் ஏற்றிச் சந்தைக்கு அடித்தார். பேத்தி கல்யாணத்தைப் பார்க்காமல் கண்மூட மாட்டேன் என்று கிடந்தவர் கட்டிலருகிலேயே பேத்திக்குப் பூ வைத்தார்கள், பிறகு பேத்திக்கு வளைகாப்பு ஆனது, அவர் கண்ணை மூடுவதாயில்லை. பொங்கலுக்கு வராந்தாவில் வரிசையாக அடுப்புக் கூட்டினார்கள். நாவிதர் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து எல்லாருக்கும் முகம் வழித்துவிட்டார். காளீஸ்வரிக்குப் பயிற்சி முறைப்படி வேறு பிரிவுக்கு மாற்றல் வந்தபோது கூடத்தில் அத்தனை குடும்பமும் உட்கார்ந்துவிட்டது; எந்தப் பிரிவுக்குப் போனாலும் காலையில் ஒருநடை வந்து ஆண்கள் வார்டுக்கு எழுதிவிட்டுப் போகட்டும் என்று மேலிடத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

ஒன்றுமட்டும் இருந்தது. நாடியும் பிரஷரும் அவள் சொன்னபடி கேட்டன, வலி கேட்கவில்லை. மூச்சிரைப்பு கேட்கவில்லை. படுக்கைப்புண் அதுபாட்டுக்கு ஆழமாகிக்கொண்டு போனது. யாரும் சாகவில்லை என்பதுபோலவே யாரும் தேறி வீட்டுக்குப் போகவுமில்லை. எண் மாறாதவரைக்கும் உள்ளே என்ன நடக்கிறதென்று எந்த டாக்டருக்கும் பிடிபடவில்லை.

கூரிச்சாத்தான்தான் ஒருநாள் காலையில் அவளைக் கூப்பிட்டார். மஞ்சள் பூத்த கண், வயிறு பானையாய் உப்பியிருந்தது.

"தாயி, தெனம் வர்றீக, எழுதுறீக, போறீக. ஒருநாளாவது என்னையத் தொட்டுப் பாத்திருக்கீகளா? எனக்கு உசுரு இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியல. ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. காதிலிருந்த பாடத்தை எடுத்துவிட்டு, முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மூன்று விரல் வைத்து அவர் நாடியைப் பிடித்தாள். அந்தப் புதன்கிழமை எங்கே விட்டதோ அங்கேயே இருந்தது நாடி, நூலிழையாக, விட்டுவிட்டு. உள்ளதை உள்ளபடி எழுதினாள். "ஆங், இப்பச் சரி" என்றார் கூரிச்சாத்தான். சார்ட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டுத் திரும்பினாள், அவர் இல்லை. மகன்கள் திருப்பூரிலிருந்து மறுபடி வந்தார்கள், அழுதார்கள், பந்தலுக்குப் போன மூங்கிலைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டுப் புதிதாக வெட்டினார்கள்.

அதிலிருந்து வார்டு ஒரு பாடம் படித்துக்கொண்டது: டாக்டரம்மா எழுதலாம், தொடக்கூடாது. வார்டைக் கவனிக்கிற ஜெபக்கனி சிஸ்டர் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டாள். காளீஸ்வரி வராந்தாவில் நுழைந்தால் ஒரு பெண்பிள்ளை முன்னால் நடந்து, "காலை மடக்கு, கையை மடக்கு, டாக்டரம்மா வர்றாக" என்று வழிவிலக்கும். பாயில் கிடப்பவர்கள் போர்வைக்குள் கையை இழுத்துக்கொள்வார்கள். ஒரு டாக்டருக்குப் பயந்து நோயாளிகள் கையை ஒளித்துக்கொண்டது அந்த ஒரு வார்டில்தான் இருக்கும். பதிலுக்கு அவளைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டார்கள். மற்றப் பிரிவு வேலை முடிந்து அங்கேயே வந்து படிக்கிறவளுக்குக் கூடத்தின் நடுவில் மேசை, நாற்காலி, அதற்கு நேர் மேலே ஓடுகிற ஒரே மின்விசிறி. யாராவது குழந்தை அழுதால், "சத்தம் போடாத, டாக்டரம்மா படிக்கிறாக" என்று வெளியே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வேளைக்கு டீ, சீடை, அவித்த கடலை. நாள் செல்லச்செல்ல வார்டே அவளோடு சேர்ந்து படித்தது. பத்தாம் வகுப்புவரை படித்திருந்த யாராவது ஒரு மருமகள் போனை வாங்கிக் கேள்வியை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். கட்டிலில் இருப்பவர்கள் ஏ என்றும் சி என்றும் கை தூக்குவார்கள். சி ஜெயித்தால் சி-க்காரர்கள் வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, சிரித்ததில் இருமி, இருமியதில் வலி வந்து முனகுவார்கள். காளீஸ்வரி மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் தேர்வுக்குப் படிக்கிறவளுக்கு நேரத்தைவிடப் பெரிய தெய்வம் கிடையாது, அந்தத் தெய்வம் கேட்காமலேயே வரம் கொடுத்துக்கொண்டிருந்தது.

மாசி மாதத்தில் ஒரு முற்பகல், சந்தைமேட்டு வளைவில் சாத்தையாவுக்கு நெஞ்சு அடைத்தது. மனுஷன் வண்டியை ஓரங்கட்டி, நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்ட பிறகுதான் ஸ்டியரிங்மேல் சாய்ந்தார். சனம் அவரை அதே பஸ்ஸில் பின்சீட்டில் கிடத்திப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது. அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் பார்த்துவிட்டு, இருதயம் பாதிக்குமேல் போய்விட்டது, பெரிய ஊருக்குக் கொண்டுபோகிற தூரத்தை இது தாங்காது என்று தலையசைத்தார். பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கிய அவர் மனைவி ராக்கம்மாள் தலைவிரிகோலமாக, "எம் மக வார்டுக்குக் கொண்டுபோங்கய்யா! அங்கன யாரும் சாகுறதில்ல!" என்று கத்தினாள்.

ஸ்ட்ரெச்சர் கூடத்துக்குள் வந்தபோது காளீஸ்வரி எழுந்து நின்றாள். அப்பாவின் நெற்றி வேர்வையைத் துடைக்கக் கை பரபரத்தது. ஒரு எட்டு முன்னால் வைத்தவளை ஜெபக்கனி சிஸ்டர் இடுப்பைப் பிடித்து நிறுத்தினாள். "தொட்டுறாத காளீஸ். எழுது. மொதல்ல எழுது." அவள் அப்பா முகத்தைப் பார்க்காமல், புதுச் சார்ட்டில் எழுதினாள். நாடி எண்பது, நூற்று இருபதுக்கு எண்பது. நீலம் பாரித்திருந்த சாத்தையாவின் உதட்டில் மெல்ல நிறம் வந்தது. கூடமே கையெடுத்துக் கும்பிட்டது.

அப்படி அவர் பிழைத்தார். பிழைத்தார் என்பதும் பெரிய சொல்தான். அவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறி மூச்சு முட்டும். முதுகுக்குப் பலகை கொடுத்து, சன்னலோரக் கட்டிலில் இரவும் பகலும் உட்கார்ந்தே இருந்தார். கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும். வெயில் ஏறுகிற நேரத்தில் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு, கேட்காமல் இருப்பார். ஆனாலும் வாய் ஓயவில்லை. புதிதாக வந்து சேர்கிறவர்களிடம், "அந்தா நடுவுல உக்காந்து படிக்கிறாளே, நம்ம மகதான். அவ எழுதுனா எழுதுனதுதான்" என்பார். கேள்விக்கு விடை சொல்லும்போது அவர் எப்போதும் பி-க்குத்தான் கை தூக்குவார், பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.

மகள் மட்டும் கிட்டே வருவதில்லை. ஒரு கை தூரத்தில் நின்றுதான் சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்பாள். "என்னத்தா, குடுத்த கடனைக் கேட்டுருவேன்னு தள்ளி நிக்கிறவ மாதிரி நிக்கிற" என்று அவர் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள்.

தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தபோது, ஒரு மத்தியானம், ராக்கம்மாள் சாப்பாட்டுத் தூக்கோடு மகள் மேசைக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, தூக்கைத் திறந்து வைத்தாள். பிறகு சொன்னாள்:

"ஏத்தா, அவுகளுக்கு நேத்துல இருந்து முதுகுல தோலு உரியுது. உக்காந்தே தூங்குறாக, தூங்கவா செய்யிறாக, முழிச்சே கெடக்குறாக. நான் பக்கத்துலயே இருக்கேன், எனக்குத் தெரியும். விட்டுருவமா தாயி?"

காளீஸ்வரி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது, பயம் வந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கணக்கு வந்தது: இப்போது போனால் காரியம், பதினாறு, வீட்டில் சனம், ஒரு வருஷப் படிப்பு, லட்சக்கணக்கில் எழுதுகிற பிள்ளைகள். அந்தக் கணக்கு தன் தலைக்குள் ஓடியதற்காக அவள் பிறகு எத்தனையோ தடவை தன்னையே சபித்துக்கொண்டாள். அப்போது சொன்னது இதுதான்:

"பரீட்சை முடியட்டும்மா."

சன்னலோரக் கட்டிலில் சாத்தையாவுக்கு அது கேட்டுவிட்டது. மூச்சை இழுத்து இழுத்து அவர் அங்கிருந்தே சொன்னார்:

"புள்ளையப் போட்டு அலட்டாத ராக்கு. முடியட்டும். நான் என்ன மேட்டுல வண்டியா ஏத்துறேன்? உக்காந்துதான இருக்கேன்."

மகளுக்காக ஒருவர் உழைத்தார், வேர்வை சிந்தினார் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். சாத்தையா மகள் படிப்புக்காகச் சாகாமல் உட்கார்ந்திருந்தார். மிச்ச வெயில்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தார். மேல்தோல் உரிந்து, உள்தோல் சிவந்து, கால் வெடித்து நீர் கசிய உட்கார்ந்திருந்தார். மகள் கேள்வி வங்கியை ஒருசுற்று முடித்து மறுசுற்று தொடங்கினாள். அவர் பி-க்குக் கை தூக்குவதை நிறுத்திவிட்டு, ஒரு விரலை மட்டும் அசைத்தார்.

தேர்வு மதுரையில். அன்றைக்கு அவள் விடியற்காலையிலேயே வந்து எல்லாருக்கும் எழுதிவைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். வார்டு சனம் கற்பூரம் கொளுத்தி வழியனுப்பியது. சேவியர் தம் வண்டியில் கொண்டுவிடுகிறேன் என்றார், அதைமட்டும் எல்லாரும் சேர்ந்து தடுத்துவிட்டார்கள். தேர்வில் நாடியைப் பற்றியே பல கேள்விகள் வந்தன. எந்த நோயில் நாடி துள்ளும், எதில் தளரும், எதில் ஒன்றுவிட்டு ஒன்று பலமாக அடிக்கும் என்று அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கூரிச்சாத்தானுக்குப் பிறகு ஒரு நாடியைக்கூடத் தன் விரல் தொட்டதில்லை என்பது கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. சரியான விடையை அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

முடிவு வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் சரவெடி வெடித்தார்கள். நல்ல இடம். குழந்தைகள் மருத்துவம், சென்னையில். சாத்தையாவுக்குக் குரல் எழும்பவில்லை, ராக்கம்மாள் காதில் சொல்ல, ராக்கம்மாள் அதைக் கூடத்துக்குச் சொன்னாள்: "எல்லாத்துக்கும் ஒரு லட்டு வாங்கித் தரச் சொல்றாக. சர்க்கரைக்காரகளுக்குப் பாதி."

லட்டு இனித்து முடிவதற்குள் எல்லாருக்கும் கசப்பு புரிந்துவிட்டது. அவளுடைய பயிற்சி அந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை எழுத அவள் கை இருக்காது. வேறு கையை இந்த உடம்புகள் மதிக்கப்போவதுமில்லை. சில குடும்பங்கள் காலில் விழாத குறையாகக் கேட்டன, இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஆறு மாதம். சேரவேண்டிய தேதிக்குச் சேராவிட்டால் இடம் போய்விடும் என்று அவள் சொன்னாள். இவர்களுக்காகப் போனால் போகட்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியதும் உண்மை. ஆனால் அந்தப் பேத்திக்காரர், பேத்தியின் பிள்ளை முகத்தையும் பார்த்துவிட்டவர், கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "போதும்யா. எத்தனை நாளைக்கு நம்ம கழுத்தப் புடிச்சு நிப்பாட்டும் அந்தப் புள்ள? டாக்டரம்மா, போறதுக்குள்ள எங்க கையப் புடிச்சுப் பாத்துட்டுப் போங்க."

அவரைத்தான் முதலில் பிடித்தாள். அவர் அமைதியாகப் போனார். அடுத்து, அரிசி ஆலையில் மூட்டை தூக்கிய தினகரன் என்ற இளவட்டம், மஞ்சள்காமாலையில் வந்து அவள் எழுத்தில் மாட்டிக்கொண்டவன். பயந்து கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினான். அவள் விரலுக்குக் கீழே நாடி எழுபத்திரண்டு, வாய்க்கால் தண்ணீர்போல ஓடியது. அவன் எப்போதோ தேறிவிட்டிருக்கிறான், அவள் எண்தான் அதை மூடிவைத்திருந்தது. எழுதினாள். அவன் எழுந்து லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தே போனான்.

அதைப் பார்த்ததும் காளீஸ்வரி உடம்பெல்லாம் புல்லரித்தது. அப்படியானால் அப்பாவுக்கும் உள்ளே தேறியிருக்கலாம். இருதயம் தானாக ஆறுவதும் உண்டு, படித்திருக்கிறாள். அந்த வாரமெல்லாம் அவள் கட்டில் கட்டிலாகப் போனாள். அழுகைக்குரல் எழுந்தால் மனசு சுருங்கும், யாராவது பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் மனசு மலரும். போனவர்கள் அதிகமா, வீட்டுக்குப் போனவர்கள் அதிகமா என்று எண்ணிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. சேவியரின் வண்டி வாழைத்தாரை இறக்கிவிட்டு மறுபடி வாசலில் வந்து நின்றது.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குக் கூடம் காலியாகிவிட்டது. சன்னலோரக் கட்டில் ஒன்றுதான் மிச்சம். அவள் வேண்டுமென்றேதான் அதைக் கடைசிக்கு வைத்திருந்தாள். ராக்கம்மாள் தலைமாட்டில் நின்றாள், ஜெபக்கனி சிஸ்டர் கால்மாட்டில் நின்றாள்.

"டாக்டரா வராத" என்றார் சாத்தையா, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு செலவழித்து. "டாக்டருங்க நெறையாப் பாத்துட்டேன். எம் மக கைதான் கெடைக்கல. இங்கன குடு."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கையைக் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பேனா பிடித்துப் பிடித்து நடுவிரலில் ஏறியிருந்த காய்ப்பைத் தடவிப் பார்த்து, "ஸ்டியரிங் புடிச்சவனுக்கு மாதிரில்ல இருக்கு" என்றார். அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. "என்னால தானப்பா இப்படி உக்காந்தே கெடந்தீங்க. அம்மா அன்னைக்கே சொல்லுச்சு. நான்தான் கேக்கல." அவர் தலையை ஆட்டினார், இல்லை என்றா, தெரியும் என்றா என்று அவளுக்கு விளங்கவில்லை. "சின்னப் புள்ளைகளைத் தொட்டுப் பாரு" என்றார். "எழுதிக்கிட்டே இருக்காத." பிறகு கையைத் திருப்பி, மணிக்கட்டை அவளிடம் நீட்டினார்.

மூன்று விரலை வைத்தாள். இருந்தது. பலமாக ஒன்று, சோனியாக ஒன்று, பலமாக ஒன்று, சோனியாக ஒன்று. அதன் பெயர் அவளுக்குத் தெரியும், மதுரையில் அதற்குச் சரியான விடை அழுத்தியிருக்கிறாள். தேறவில்லை என்று அவள் விரலுக்குத் தெரிந்துவிட்டது, மனசுக்குத்தான் தெரியவில்லை. சோனியான அடிகள் தொலைந்தன. பிறகு பலமானவை சோனியாகின. பிறகு விரலுக்கடியில் ஒன்றுமே இல்லை. அவள் பதறி, பிடியை மாற்றி, கட்டைவிரலால் மணிக்கட்டை அழுத்தினாள்.

அடித்தது. நன்றாக, வேகமாக, திடமாக அடித்தது.

"அம்மா, இருக்கும்மா! நல்லா அடிக்குதும்மா!"

ராக்கம்மாள் கணவன் முகத்தைப் பார்த்தாள். அது சன்னல் பக்கமாகச் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. ஜெபக்கனி சிஸ்டர் ஏதோ சொல்ல வந்தவள், ராக்கம்மாள் கையமர்த்தியதும் நின்றுவிட்டாள். கட்டைவிரலுக்கென்று சொந்தமாக ஒரு நாடி உண்டு. அதனால் பிறர் கையை அழுத்திப் பிடிக்கிறவர்கள் தங்கள் இருதயத்தையே கேட்டுவிட்டு, ஆள் இருக்கிறார் என்று சொல்லிவிடுவார்கள். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் ஒருமுறையாவது செய்து, திட்டு வாங்கி, திருத்திக்கொள்கிற தப்பு அது. காளீஸ்வரிக்கும் தெரியும். கட்டைவிரலை எடுத்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

"எண்ணிப் பாக்கவாம்மா?" என்று கேட்டாள் அவள், நிமிர்ந்து பார்க்காமல்.

ராக்கம்மாள் குனிந்து மகள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"எண்ணு தாயி" என்றாள். "மெதுவா எண்ணு."

காளீஸ்வரி கட்டைவிரலை எடுக்காமல் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.